வேலியே பயிரை மேய்ந்த கதை



நம் குழுக் கூட்டத்தில் சாராயப் பேச்சு வராத மாதம் உண்டா? "சட்டம்தான் இருக்கே, அப்புறம் எப்படி விக்கிறான்?" என்று ஒரு அக்கா கேட்டார். அதற்குப் பதிலாக, அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாற்றை எழுதுகிறேன்.

அங்கேயும் குடிக்கு எதிராகத் தெருவில் இறங்கியது பெண்கள்தான். 1874-இல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் தொடங்கினார்கள். கூலியைக் குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷன், பசியோடு பிள்ளைகள். நமக்குத் தெரியாததா? பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1920-இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. கூடவே கள்ளச்சாராயமும் பெருகியது.

ஓக்லஹோமா மாநிலத்தில் குரோம்வெல் என்று ஒரு ஊர். பூமியில் எண்ணெய் கிடைத்ததும் திடீர்னு கூட்டம் சேர்ந்தது. கூலிக்காரர்களின் காசைப் பறிக்கக் கள்ளச்சாராயமும் சூதாட்டமும் வந்தன. ஊரை ஒழுங்குபடுத்த பில் டில்மனைக் கூப்பிட்டார்கள். கொள்ளைக்காரர்களைப் பிடித்துப் பேர் வாங்கிய காவலர். வயசு 70. "இனி நம்மால ஆகாது" என்று வீட்டோடு இருந்திருக்கலாம். ஆனாலும் போனார்.

1924 நவம்பர் 1. இரவில் தெருவில் துப்பாக்கிச் சத்தம். டில்மன் ஓடிப்போனார். குடிபோதையில் துப்பாக்கியோடு நின்றவர் வைலி லின். அவர் யார் தெரியுமா? மதுவிலக்கை அமல்படுத்த அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அதிகாரி! டில்மன் அவரை மடக்கிப் பிடித்தார். லின் இன்னொரு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். டில்மன் உயிர் போனது. வழக்கில் லின் விடுதலையானார். 1933-இல் அந்த மதுவிலக்கே ரத்தானது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. நாங்கள் பத்துப் பேர் மனு கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள், விற்கிறவனுக்குச் சேதி போய்விட்டது. வாசலில் வந்து நின்று மிரட்டினான். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் வாங்கினதோடு நம்ம வேலை முடியல. காவல் காக்கிறவரையும் நாம்தான் கவனிக்கணும். டில்மன் கதையை அவர் மனைவி ஜோ எழுதி, 1949-இல் புத்தகமாக்கினார். நாமும் கொடுத்த மனு, தேதி, வந்த பதில் எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். தனியாகப் போக வேண்டாம், குழுவாகவே போவோம்.