சதுரங்கத்தில் நிற ஒதுக்கீடு: சீட்டும் முறையும்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய் வைத்திருப்பவரே முதலில் நகர்த்துகிறார். ஆகவே யாருக்கு வெள்ளை, யாருக்குக் கறுப்பு என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எடுக்கப்படும் ஒரு முடிவு. இதை நிற ஒதுக்கீடு என்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் இரு கைகளிலும் ஒவ்வொரு சிப்பாயை மறைத்து நீட்டி, "எந்தக் கை?" என்று கேட்டு இதைத் தீர்த்துக்கொள்கிறார்கள். உலக வாகையர் போட்டியில் தொடக்க விழா மேடையில் குலுக்கல் நடக்கிறது. இணையத்தில் பெயர் சொல்லாமல் ஆடுபவர்களுக்குக் கணினி நொடிப்பொழுதில் முடிவு செய்துவிடுகிறது.

மூன்றும் ஒரே நியாயம்தானா? இணையத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் கறுப்பே விழுந்தவர் "இது ஓரவஞ்சனை" என்கிறார். அவர் சொல்வது சரியா என்று அறிய, நிற ஒதுக்கீட்டின் வரலாற்றையும், நம் நாட்டில் பொதுக் காரியங்களைச் சீட்டாலும் முறையாலும் தீர்த்துக்கொண்ட வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாமிரபரணியில் தொடங்கும் கதை

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் உள்ளது. அதன் தலபுராணம் தொடங்குவது நம் நெல்லைச் சீமையில். திருநெல்வேலியை ஆண்ட வசுதேவன் என்ற மன்னனும் அவன் மனைவி காந்திமதியும் பிள்ளை வரம் வேண்டி நெல்லையப்பரை வழிபட்டனர். தாமிரபரணியில் நீராடும்போது தாமரை மலரில் ஒரு சங்கைக் கண்டு எடுக்க, அது பெண் குழந்தையாக மாறியது. இராஜராஜேஸ்வரி என்று பெயரிடப்பட்ட அந்தப் பெண் சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாதவளாக வளர்ந்தாள். அவளை ஆட்டத்தில் வெல்பவருக்கே மணமுடிப்பதாக மன்னன் அறிவித்தான். பூவனூரில் இறைவன் முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்று அவளை மணந்தார் என்பது கதை.

இது புராணம்; வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் இக்கதையில் யார் முதலில் நகர்த்தினார் என்ற பேச்சே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரே ஒரு ஆட்டம், அதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே பணயம். இருந்தும் முதல் நகர்த்தல் ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை. அது ஒரு பொருட்டு என்று சதுரங்க உலகம் உணர்ந்தது மிகப் பிற்காலத்தில்தான்.

வெள்ளை முதலில் என்ற விதி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் நிறமும் முதல் நகர்த்தலும் தனித்தனிச் செய்திகளாகவே இருந்தன. கறுப்புக் காய் பிடிக்கும் என்று அதை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டே முதலில் நகர்த்தியவர்களும் உண்டு. அச்சில் ஆட்டங்களைப் படிப்பவர்களுக்கு இது குழப்பம் தந்தது. வெளியிடப்படும் ஆட்டங்களில் வெள்ளையே முதலில் நகர்த்துவதாக வைத்துக்கொள்ளலாம் என்று 1857இல் யோகான் லோவன்தால் நியூயார்க் சதுரங்கக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 1880இல் அமெரிக்கச் சதுரங்க மாநாட்டின் விதித்தொகுப்பு, முதல் நகர்த்தலைச் சீட்டால் தீர்மானிக்க வேண்டும் என்றும், முதலில் நகர்த்துபவர் வெள்ளைக் காய்களையே ஆட வேண்டும் என்றும் கூறியது. அதன்பிறகே "யாருக்கு வெள்ளை?" என்ற கேள்வியும் "யார் முதலில்?" என்ற கேள்வியும் ஒன்றாயின.

வெள்ளைக்கு எவ்வளவு அனுகூலம்?

1946இல் ஸ்ட்ரீட்டர் என்பவர் 1851 முதல் 1932 வரை நடந்த 45 பன்னாட்டுப் போட்டிகளின் 5,598 ஆட்டங்களைக் கணக்கிட்டார். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப்புள்ளி என்று கொண்டால் வெள்ளை பெற்றது 53.4 விழுக்காடு. பிற்காலக் கணக்குகளும் ஏறத்தாழ இதே அளவைத்தான் காட்டுகின்றன.

இதை மாணவர்க்கு விளங்கும்படி சொல்லலாம். வெள்ளை ஆடினால் சராசரியாக 0.534 புள்ளி, கறுப்பு ஆடினால் 0.466 புள்ளி. வேறுபாடு 0.068. பத்து ஆட்டங்களில் ஐந்து வெள்ளை கிடைக்க வேண்டிய ஒருவருக்குப் பத்தும் கறுப்பாகவே விழுந்தால் அவர் சராசரியாக இழப்பது 0.34 புள்ளி, அதாவது ஒரு வெற்றியில் மூன்றில் ஒரு பங்கு. சம பலமுள்ளவர்கள் பரிசுக்காக ஆடும்போது இது பெரிது. மாலைப் பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்குச் சிறிது. ஆனால் மனத்தில் படும் காயம் இந்தக் கணக்கை விடப் பெரிதாக இருக்கிறது.

உத்திரமேரூர்: நினைவுள்ள சீட்டு

சீட்டுப் போடுவதன் நியாயத்தை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக எண்ணியிருந்தனர் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இவை குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையோர் கூடியிருக்க, நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பான். விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்க இயலாதபடிதான்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியங்களில் இருந்தவர்களின் பெயர் குடத்தில் இடப்படக் கூடாது. அதாவது சீட்டு குருட்டுத்தனமாக விழலாம். ஆனால் எவரெவர் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதை ஊரின் நினைவு தீர்மானித்தது. சீட்டு சிபாரிசைத் தடுத்தது. நினைவு ஒருவருக்கே மீண்டும் மீண்டும் விழுவதைத் தடுத்தது.

மணிமுத்தாறு: முறை வைத்தல்

சீட்டே இல்லாமல் முறை வைத்துத் தீர்க்கும் வழியும் உண்டு. இதற்கு எடுத்துக்காட்டு எங்கள் மணிமுத்தாற்றிலேயே இருக்கிறது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையின் பிரதானக் கால்வாய்ப் பாசனம் நான்கு ரீச்சுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எல்லா ஆண்டும் நான்குக்கும் போதிய தண்ணீர் இருப்பதில்லை. ஆகவே ஓர் ஆண்டு முதல் இரண்டு ரீச்சுகளுக்கு முன்னுரிமை என்றால், அடுத்த ஆண்டு மூன்றாவது, நான்காவது ரீச்சுகளுக்கு முன்னுரிமை.

இதற்கு ஆண்டுதோறும் குலுக்கல் வைத்தால் என்ன ஆகும்? சீட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே பகுதிக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டு விழாமல் போகவும் கூடும். நாற்றுப் பாவ வேண்டிய விவசாயியிடம் "நீண்ட காலத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பயனில்லை. சென்ற ஆண்டு யாருக்குக் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் இடத்தில் முறை வைப்பதே ஏற்கத்தக்கது.

சென்னை 2013, மாமல்லபுரம் 2022

சதுரங்கமும் இவ்விரு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. 2013 நவம்பரில் சென்னையில் விசுவநாதன் ஆனந்துக்கும் மாக்னசு கார்ல்சனுக்கும் நடந்த உலக வாகையர் போட்டியில் முதல் ஆட்டத்தின் வெள்ளை சீட்டில் கார்ல்சனுக்கு விழுந்தது. பின்னர் நிறம் மாறி மாறி வந்தது. 12 ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட அப்போட்டியில் ஆறாவது ஆட்டத்துக்குப் பின் வரிசை திருப்பப்பட்டது. ஆகவே ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் ஆனந்துக்கு அடுத்தடுத்து வெள்ளை கிடைத்தது.

இப்படித் திருப்புவதற்குக் காரணம் உண்டு. வெறுமனே மாறி மாறி ஆடினால், சீட்டில் வென்றவர் ஒவ்வொரு இணை ஆட்டத்திலும் வெள்ளையை முதலில் பெறுவார். பாதியில் வரிசையைத் திருப்பினால் அந்தச் சிறு அனுகூலமும் சரிசெய்யப்படும். போட்டி பத்தாவது ஆட்டத்திலேயே முடிந்தது. இருவரும் ஐந்தைந்து முறை வெள்ளை ஆடியிருந்தனர். கார்ல்சன் 6½–3½ என்று வென்றார். அவருடைய மூன்று வெற்றிகளில் இரண்டு கறுப்பில் வந்தவை. ஆனந்தும் 2010இல் சோபியாவில் தோபலோவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தைக் கறுப்பில் வென்றே பட்டத்தைக் காத்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 14ஆவது ஆட்டத்தில் வென்று குகேசு உலக வாகையர் ஆனபோது அவர் கையில் இருந்ததும் கறுப்புக் காய்களே. நியாயமான ஒதுக்கீடு வாய்ப்பைச் சமமாக்கும். வெற்றியைப் பங்கிட்டுத் தராது.

2022இல் சூலை 28 முதல் ஆகத்து 10 வரை தமிழகத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் ஆட்டங்கள் மாமல்லபுரத்தில் 11 சுற்றுகளாக நடந்தன. அணிக்கு நால்வர். ஓர் அணி 1, 3ஆம் பலகைகளில் வெள்ளை ஆடினால் எதிரணி 2, 4ஆம் பலகைகளில் வெள்ளை ஆடும். ஆகவே எந்தச் சந்திப்பிலும் இரு அணிக்கும் இரண்டிரண்டு வெள்ளை. தனிநபர் சுவிஸ் முறைப் போட்டிகளிலும் தொடக்க நிறம் சீட்டால் வரும். அதன்பின் ஒருவருடைய வெள்ளை, கறுப்பு எண்ணிக்கை இரண்டுக்கு மேல் வேறுபடாமலும், ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வராமலும் இணை சேர்ப்பார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. முதலில் சீட்டு, பிறகு நினைவு. உத்திரமேரூரின் அறிவுதான் இது.

இணையத்தில் பெயரற்றவர்

இணையத் தளங்களில் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த நினைவை வைத்திருக்க முடியும். அவருடைய முந்தைய நிறங்களைப் பார்த்து அடுத்த நிறத்தைத் தரலாம். ஆனால் பெயர் இல்லாமல் ஆட வருபவரைத் தளத்துக்கு அடையாளம் தெரியாது. உலாவியை மாற்றினால் அவர் புதியவர். பக்கத்து வீட்டுக் கைபேசியில் வந்தாலும் புதியவர். "நேற்று எனக்குக் கறுப்பு விழுந்தது" என்று ஒருவர் சொன்னால் அதைச் சரிபார்க்க வழியில்லை. நினைவு இல்லாத இடத்தில் முறை வைக்க முடியாது. அங்கே சீட்டு ஒன்றே நியாயம். பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

அந்தச் சீட்டு நேர்மையானதுதானா என்பது அடுத்த கேள்வி. 2010இல் தொடங்கிய லிசெஸ் போன்ற தளங்களின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இது குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவதற்கு ஒப்பானது. நிரலை மறைத்து வைக்கும் தளங்களில் நாம் நம்பிக்கையை மட்டுமே துணையாகக் கொள்ள வேண்டும்.

உண்மையான அநீதி பெரும்பாலும் சீட்டிலிருந்து வருவதில்லை. அதை ஏற்காதவரிடமிருந்தே வருகிறது. கறுப்பு விழுந்தவுடன் ஆட்டத்தைக் கைவிட்டு, வெள்ளை விழும்வரை புதிய ஆட்டம் தேடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஆடி முடிக்கும் ஆட்டங்கள் யாவும் வெள்ளையாகவே இருக்கும். அவரோடு ஆடி முடிக்கும் எல்லோருக்கும் கறுப்பே கிடைக்கும். கணக்கு உள்ளவர் இப்படிச் செய்தால் தளம் அவரைச் சிறிது நேரம் விலக்கி வைக்க முடியும். பெயரற்றவரைத் தடுப்பது கடினம். விழுந்த ஓலையை எல்லோரும் ஏற்றால்தான் குடவோலை. பிடிக்காத ஓலையை மறுபடி குடத்தில் போட அனுமதித்தால் அது சீட்டே அல்ல.

ஐந்து முறை கறுப்பு விழுமா?

அடுத்து வரும் ஐந்து ஆட்டங்களும் கறுப்பாக அமையும் வாய்ப்பு 32இல் ஒன்று. கேட்பதற்கு அரிது போலத் தோன்றும். ஆனால் ஒருவர் 20 ஆட்டம் ஆடினால் அதில் எங்கேனும் தொடர்ந்து ஐந்து கறுப்பாவது வருவதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்து ஆட்டங்களில் சரியாக ஐந்து வெள்ளை, ஐந்து கறுப்பு வரும் வாய்ப்பும் 1,024இல் 252தான், அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆக, சமமாக வராத நாளே வழக்கமான நாள்.

வகுப்பில் இதை எளிதாகக் காட்டலாம். 40 மாணவரிடம் ஆளுக்கொரு நாணயம் கொடுத்து 20 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஏறத்தாழ பத்துப் பேரின் தாளில் தொடர்ந்து ஐந்து பூவாவது இருக்கும். நாணயம் அவர்கள் மேல் பகை கொண்டதில்லை. நாணயத்துக்குச் சென்ற முறை விழுந்தது நினைவில் இருப்பதும் இல்லை. ஆகவே அடுத்த முறை ஈடுகட்டவும் அதற்குத் தெரியாது. ஆட்டங்கள் பெருகப் பெருக விழுக்காடு பாதியை நெருங்கும். 100 ஆட்டங்களில் வெள்ளையின் எண்ணிக்கை பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில் நிற்கும்.

நிறைவாக

நியாயம் இரண்டு வகை. சீட்டின் நியாயம் விழுவதற்கு முன்பு இருப்பது. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. முறையின் நியாயம் முடிந்த பிறகு தெரிவது. எல்லோருக்கும் ஒரே பங்கு. ஆளை அறிந்த இடத்தில் முறை வேண்டும். தண்ணீருக்கும் பட்டத்துக்கும் அதுவே பொருந்தும். ஆளை அறியாத இடத்தில் திறந்த சீட்டுப் போதும். பெயரின்றி ஆடுபவருக்கு ஐந்தாம் முறையும் கறுப்பு விழுந்தால் அது ஓரவஞ்சனை அன்று. கறுப்பே வேண்டாம் என்று ஆட்டத்தை விட்டு எழுந்து போவதுதான், எதிரே முகம் தெரியாமல் அமர்ந்திருப்பவருக்குச் செய்யும் ஓரவஞ்சனை.