விசையும் வெண்பாவும்: ஒரு சிறிய வீடியோ விளையாட்டு நிலையத்தின் வரலாறு

புன்னைக்காயலில் தங்கி, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பதினாறாம் நூற்றாண்டில் சமயப் பணி புரிந்த ஹென்றிக்கே ஹென்றிக்ஸ் என்னும் அண்டிரிக் அடிகளார், 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலைக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். அச்சு யந்திரம் அன்று தமிழுக்குப் புதிது. அதைத் தமிழ் பேசச் செய்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். ஒரு புதிய சாதனத்துக்குள் நம் மொழி பிரவேசிப்பது பெரும்பாலும் பெரிய ஸ்தாபனங்களின் வழியாக அன்று, இத்தகைய சிலருடைய பிடிவாதமான உழைப்பின் வழியாகவே என்பது என் துணிபு. நம் காலத்தில் வீடியோ விளையாட்டு என்னும் சாதனத்துக்கு அது நிகழ்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீடியோ விளையாட்டு பரவத் தொடங்கிய 1970-களில் ஒருவரோ இருவரோ கூடி ஒரு விளையாட்டை முழுமையாகச் சிருஷ்டிக்க முடிந்தது. பின்னர் மூலதனமும் நூற்றுக்கணக்கான பணியாளரும் இன்றி அது ஆகாது என்ற நிலை வந்தது. 2003-இல் தோன்றிய ஸ்டீம் போன்ற இணைய அங்காடிகளும், 2005-இல் வெளிவந்த யூனிட்டி போன்ற மென்பொருள்களும் சிறியவர்களுக்கு மீண்டும் வழி திறந்தன. அதற்கு முன்பே, 1999 முதல், சுயேச்சையான படைப்பாளிகளுக்கென ஆண்டுதோறும் அமெரிக்காவில் ஒரு விழா நடைபெற்று வந்தது. கனடாவின் டொரான்டோவில் தம் குடும்பத்தாருடன் லாங்போ என்ற சிறு நிலையத்தை நடத்திய ஷேமஸ் மெக்நாலி என்ற இளைஞர், 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்விழாவின் முதற்பரிசைப் பெற்று, அதே மாதத்தில் புற்றுநோயால் இருபத்தொரு வயதிலேயே காலமானார். அதன்பின் அப்பரிசு அவர் பெயரையே தாங்கலாயிற்று.

அதே டொரான்டோ நகரில் அமைந்ததே விசை கேம்ஸ். ‘விசை’ என்ற சொல் வலிமையையும் வேகத்தையும் குறிப்பதோடு, தொட்டால் பொறியை இயக்கும் உறுப்பையும் குறிப்பதால், ஒரு விளையாட்டு நிலையத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. அபி என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் தமிழர் இதன் வடிவமைப்பாளர். சித்திரம் சாம் எல்கானாவுடையது. தயாரிப்பு ஷாரின் கான். புலம்பெயர்ந்தோர் கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளின் கண்வழியே சொல்லப்படுவதைக் கண்ட அபி, பெற்றோரின் நோக்கில் ஒன்றைச் சொல்ல விரும்பினார். அவ்விருப்பமே ‘வெண்பா’ ஆயிற்று. இவ்விளையாட்டு 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது.

கதை 1988-இல் தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், பின்னர் பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே பிரதான பாத்திரங்கள். வெண்பாவிடம் தன் தாயின் சமையற் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் அதன் தாள்கள் கிழிந்தும் கறைபட்டும் சில வரிகள் அழிந்தும் போயிருக்கின்றன. எஞ்சிய சொற்களைக் கொண்டும், படங்களைக் கொண்டும், பாத்திரங்களின் அமைப்பைக் கொண்டும் அழிந்த முறையை ஊகித்தறிவதே ஆடுவோரின் வேலை. இட்லித் தட்டுகளை எவ்வாறு திருப்பி அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த வரிசையில் விழ வேண்டும் என்பன இங்கே புதிர்கள். நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் எழுதிவைக்காமல் கைப்பழக்கமாகவே காத்துவந்த இந்த ஞானத்தை, ஒரு யந்திர விளையாட்டின் விதியாக மாற்றியதுதான் இப்படைப்பின் தலையாய சாதனை என்று கருதுகிறேன். என் தாயார் தட்டைத் திருப்பி வைப்பதை எத்தனையோ காலைகளில் பார்த்திருந்தும், அதன் காரணத்தை நான் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது இந்த விளையாட்டே.

ஆல்ஃபா சம்திங் அமைத்த இசை, தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலப் பாணிகளை நினைவூட்டுகிறது. முழு விளையாட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அளவின் சிறுமையைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. சிறிய குழு தன் சக்தியறிந்து வகுத்த எல்லையாகவே எனக்கு அது தோன்றுகிறது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிலையம், பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சியில் தோல்வியுற்ற பின்னும் தளராது, 2020-இல் ‘ராஜி’யை வெளியிட்டது. வெண்பாவோ 2024-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், மெக்நாலி பெயரிலான முதற்பரிசையும் ஒருங்கே வென்றது. டொரான்டோ இளைஞர் ஒருவரின் நினைவைத் தாங்கிய பரிசு, இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே நகரத்துத் தமிழ்ப் பெயர் கொண்ட நிலையத்தை வந்தடைந்தது.

விருதுகளினும் மேலாக நான் மதிப்பது கதையின் பிற்பகுதியை. அங்கே ஆட்டம் தாயின் கையிலிருந்து வளர்ந்த கவினின் கைக்கு மாறுகிறது. பாட்டியின் குறிப்பேடு முன்னே விரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்த தமிழோ அரைகுறை. வெண்பாவோடு அழிந்த வரிகளை ஊகித்துப் பழகிய நாம், இப்போது அழியாத வரிகளையும் அவனோடு சேர்ந்து எழுத்துக்கூட்டித் தேட வேண்டியிருக்கிறது.