ஒலியடக்கிக்கு ஏற்ற கைத்துப்பாக்கி

ஒலியடக்கி பொருத்திச் சுடுவதற்கு எல்லாக் கைத்துப்பாக்கிகளும் உதவா. குழல் நுனியில் மரை இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். மரை இருந்தும், முதல் சூட்டுக்குப் பின் அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடும் துப்பாக்கிகள் உண்டு. குண்டின் வேகம், குழல் அசையும் விதம், வாயு கசியும் இடைவெளி ஆகிய மூன்றும்தான் பொருத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஒலியடக்கிகள் பொதுமக்களிடம் பெருமளவில் புழங்கும் அமெரிக்காவை மையமாக வைத்து எழுதப்பட்டது இக்கட்டுரை.

ஒலியடக்கியை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன் இவர். தந்தை பல்லாண்டு வெடியோசைக்கு நடுவே வாழ்ந்து, முதுமையில் செவித்திறனை இழந்தார். மகனோ 1909 மார்ச் 30 அன்று வெடியோசையைத் தணிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த விற்பனைப் பெயர் சைலன்சர். நம்மூரில் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். இரண்டும் செய்கிற வேலையும் ஏறத்தாழ ஒன்றே. சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவும் குளிரவும் விட்டு, வேகம் குறைந்த பின் வெளியே அனுப்புகின்றன.

ஓசை மூன்று இடங்களில் பிறக்கிறது

குழல்வாயில் பீறிடும் வாயு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு காற்றில் எழுப்பும் சாட்டையடிச் சத்தம், துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு முன்னும் பின்னும் மோதும் உலோகச் சத்தம். ஒலியடக்கி தணிப்பது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டும் துப்பாக்கியையும் தோட்டாவையும் சார்ந்தவை. ஆகவே ஒலியடக்கியின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்.

9 மி.மீ. கைத்துப்பாக்கியின் வெடியோசை சுமார் 160 டெசிபெல். நல்ல ஒலியடக்கி அதை 125 முதல் 135 வரை இறக்கும். திடீர் ஓசைக்கு 140 டெசிபெல்லை அபாய எல்லையாகக் கொள்வது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு வழக்கம். அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவருவதுதான் இக்கருவியின் உண்மையான பயன். திரைப்படங்களில் கேட்கும் மெல்லிய ‘புஸ்’ சத்தம் கற்பனை.

தோட்டாவின் தேர்வு

20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. குளிர் கூடினால் இது குறையும். இந்த வேகத்தைத் தாண்டாத குண்டே சாட்டையடிச் சத்தம் எழுப்பாது. .45 ஏ.சி.பி. தோட்டாவின் வழக்கமான 230 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறத்தாழ 15 கிராம், நொடிக்கு 255 மீட்டர் அளவில் செல்கிறது. தனித் தயாரிப்பு எதுவும் வேண்டாம். 9 மி.மீ. வகையில் பரவலாக விற்கும் 115 கிரெய்ன் குண்டு ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். 147 கிரெய்ன் கொண்ட கனமான குண்டை வாங்கினால் வேகம் ஏறத்தாழ 300 மீட்டரில் அடங்கும்.

இதை வைத்து .45 தான் சிறந்தது என்று பழைய நூல்கள் முடிவுகட்டின. அது முழுச் சரியன்று. .45 குண்டு வெளியேற ஒலியடக்கியின் துளை பெரிதாக இருக்க வேண்டும். பெரிய துளை வழியே வாயுவும் கூடுதலாகத் தப்பும். கனமான குண்டு ஏற்றிய 9 மி.மீ. துப்பாக்கி பல வேளைகளில் .45ஐவிடத் தணிவாகவே ஒலிக்கிறது. எல்லாவற்றிலும் தணிவானது .22 லாங் ரைஃபிள். அதன் வெடிமருந்து சொற்பம். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில், வேகமான வகைத் தோட்டாக்களும்கூடப் பெரும்பாலும் ஒலிவேகத்தை எட்டுவதில்லை.

குழல் அசையும் விதம்

தேர்வின் மையம் இதுதான். இன்றைய 9 மி.மீ., .45 கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை ஜான் பிரவுனிங் வகுத்த முறையில் இயங்குகின்றன. சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டிய நிலையில் சில மில்லிமீட்டர் பின்னே நகரும்; பிறகு குழலின் பின்முனை கீழே சாய்ந்து பூட்டு விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய் வெற்றுக்கூட்டை வீசிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றும். இப்படிச் சாய வேண்டிய குழலின் நுனியில் கால் கிலோவுக்கு மேற்பட்ட ஓர் உருளையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? குழல் நகரத் தயங்கும், பூட்டு விடுபடாது, துப்பாக்கி திணறும்.

இதற்கான தீர்வு நீல்சன் சாதனம் எனப்படும் சுருள்வில் அமைப்பு. ஒலியடக்கியின் பின்பகுதியில் ஓர் உந்துதண்டும் வில்லும் இருக்கும். சுடும் கணத்தில் உருளை தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்க, குழல் மட்டும் வில்லை அழுத்திக்கொண்டு பின்னே நகர்கிறது. குழலைப் பொறுத்தவரை அந்த நொடியில் சுமை இல்லை. கிளாக், சிக் சாவர், ஹெக்லர் அண்டு காக் போன்ற நிறுவனங்களின் சாயும் குழல் துப்பாக்கிகளுக்கு இச்சாதனம் உள்ள ஒலியடக்கியையே வாங்க வேண்டும்.

குழல் சட்டத்தோடு அசையாமல் பொருந்திய துப்பாக்கிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரூகர் மார்க் 4 போன்ற .22 துப்பாக்கிகளும், வால்தர் பி.பி.கே.யும் இவ்வகை. பெரெட்டா 92 இடைப்பட்டது: அதன் குழல் சாயாமல் நேர்கோட்டில் பின்னே நகர்வதால், ஒலியடக்கியின் சுமையை அது நன்றாகவே தாங்குகிறது.

சுழல்துப்பாக்கியைப் பொதுவாகத் தவிர்த்துவிடலாம். தோட்டாக்களைத் தாங்கும் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியே வாயு பீறிடும். முன்னே எவ்வளவு அடைத்தும் பயனில்லை. விதிவிலக்கு, ரஷ்யாவின் 1895ஆம் ஆண்டு நாகன்ட். குதிரை பின்னே இழுபடும்போது அதன் உருளை முன்னே நகர்ந்து அந்தச் சந்தை மூடிவிடும்.

போர்க்காலப் படிப்பினை

உலோகச் சத்தத்தை அடக்கும் வழியை இரண்டாம் உலகப் போரின் பிரித்தானியப் பொறியாளர்கள் கண்டார்கள். வெல்வின் நகரருகே ஃப்ரைத் மாளிகையில் இயங்கிய இரகசியக் கூடத்தில் பிறந்த வெல்ராட் கைத்துப்பாக்கி தானாகத் தோட்டா ஏற்றாது. ஒவ்வொரு சூட்டுக்கும் பின்முனைக் குமிழைக் கையால் திருகி இழுக்க வேண்டும். வேகம் போயிற்று, ஸ்லைடின் சத்தமும் போயிற்று. வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் சீல் படையினர் பயன்படுத்திய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மார்க் 22 இதே பாடத்தை வேறு வழியில் கற்றது: தேவைப்படும்போது ஸ்லைடை அசையாமல் பூட்டிவிடலாம். அமெரிக்க உளவுத்துறையினரின் கையில் இருந்தது ஹை ஸ்டாண்டர்ட் எச்.டி.எம். என்ற .22. 1960 மே 1 அன்று சோவியத் வான்வெளியில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டபோது, விமானி கேரி பவர்ஸிடம் இருந்ததும் இதுவே. 1996இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்கு வழங்கப்பட்ட ஹெக்லர் அண்டு காக் மார்க் 23 தொடக்கத்திலிருந்தே ஒலியடக்கியோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட .45, நம்பகமானது, ஆனால் கைக்குப் பெரியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மரையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க 9 மி.மீ. குழல்களில் அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஐரோப்பியக் குழல்களில் 13.5 மி.மீ. விட்டத்தில் இடப்பக்கச் சுற்று. மாற்றி வாங்கினால் பொருந்தாது. வலிந்து திருகினால் குழல் கெடும். ஒலியடக்கியின் பருமன் வழக்கமான குறிமுள்ளை மறைத்துவிடும். எனவே உயர்ந்த குறிமுள் உள்ள துப்பாக்கி வேண்டும். எஃப்.என்.எக்ஸ்.-45 டாக்டிக்கல் போன்றவற்றில் மரையும் உயர்ந்த குறிமுள்ளும் ஆலையிலிருந்தே வருகின்றன. வாயு பின்னோக்கித் திரும்பி முகத்தில் கரி அடிப்பதும் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சட்டம்

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒலியடக்கிக்கு 200 டாலர் வரி விதித்தது. அன்று அது பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் இவ்வரியை நீக்கியது. ஆனால் பதிவும், விரல்ரேகையும், பின்புலச் சோதனையும் நீடிக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் உட்பட 8 மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே தடை.

முதன்முறை வாங்குபவருக்கு அசையாக் குழல் கொண்ட .22 துப்பாக்கியே சரியான தேர்வு: செலவு குறைவு, பழுது குறைவு, ஓசையும் குறைவு. அதைச் சுடும்போதும் காதுறையைக் கழற்றாதீர்கள். கெட்ட செவி திரும்பி வராது.