நஞ்சு காட்டிய பூட்டு

சித்தூரையும் திருப்பதியையும் சூழ்ந்த நிலக்கடலைக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைப்போர்க்குக் கட்டுவிரியன் புதியதன்று. தெலுங்கு மக்கள் அதனைக் 'கட்லபாமு' என்பர். இரவில் தரையிற் படுத்துறங்குவோரை அது தீண்டினால், பெரும்பாலும் வலியும் வீக்கமும் தோன்றுவதில்லை. சில மணி நேரத்தில் இமைகள் தாழும், நாக் குழறும், இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓயும். நல்ல பாம்பின் நஞ்சும் இவ்வாறே தசைகளை முடக்க வல்லது. அறிவு தெளிவாக இருக்கவும் உடல் அசையாமற் போவதேன்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாற்றையே நாம் இங்குக் காணப் புகுகின்றோம்.

1905-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி, புகையிலையின் நிக்கோட்டினையும், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தோய்த்த குராரே நஞ்சையும் கொண்டு ஆராய்ந்து, தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று உண்டென்று கூறினார். அதனையே இன்று ஏற்பி என்கின்றோம். நரம்பு முனையிற் சுரக்கும் அசிட்டைல்கோலின் திறவுகோல் என்றால், ஏற்பி பூட்டாகும். திறவுகோல் பொருந்தினால் தசை இயங்கும். ஆயினும் நெடுங்காலம் அப்பூட்டு கருத்தளவிலேயே நின்றது.

அதனைக் கைக்கொள்ள உதவியது பாம்பின் நஞ்சே. 1963-இல் தைவான் நாட்டுச் சாங்கும் லீயும், தம் நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து ஆல்பா-பங்கரோடாக்சின் என்பதைப் பிரித்தெடுத்தனர். அது பூட்டைப் பற்றினால் எளிதில் விடாது. அப்பிடியைத் துணையாகக் கொண்டு, 1970-இல் பாரிஸ் நகரத்து ஷான்ஷே குழுவினர் மின்விலாங்கின் உறுப்பிலிருந்து ஏற்பியைக் கண்டறிந்தனர். 1982-இல் கியோட்டோவின் நூமா குழுவினர் மின்திருக்கையின் ஏற்பிக்குரிய மரபுச் செய்தியைப் படித்தனர். மறு ஆண்டே மனித ஏற்பியின் ஒரு கூற்றுக்குரிய மரபணுவும் வெளியாயிற்று.

மரபணு கைவந்தபின், அதனை நுண்ணுயிரிலோ வளர்ப்புச் செல்லிலோ புகுத்தி, மனிதப் புரதத்தை உடலுக்கு வெளியே ஆக்குதல் இயல்வதாயிற்று. இத்தகைய புரதங்கள் மைக்ரோகிராம் அளவில், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற குறிப்புடன், சிறு குப்பிகளில் வருகின்றன. அவை மருந்தல்ல, உரைகல். நஞ்சு ஏற்பியைப் பற்றுகின்றதா, மாற்றுமருந்து அப்பிடியைத் தடுக்கின்றதா என்பதை அவற்றைக் கொண்டு சோதிக்கலாம்.

இச்சோதனை ஏன் வேண்டும்? 2000 முதல் 2019 வரை இந்தியாவிற் பாம்புக் கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. மிகுந்த இழப்புற்ற மாநிலங்களுள் ஆந்திரமும் ஒன்று. இன்றைய மாற்றுமருந்து குதிரைகளின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. அதற்குரிய நஞ்சிற் பெரும்பகுதியை 1978-இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கமே தருகின்றது. நஞ்சோ இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. 2024-இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும், ஏற்பியைப் போலவே நஞ்சைப் பற்றும் எதிர்ப்புப் புரதம் ஒன்றை வெளியிட்டனர். அது எலிகளைக் காத்தது. எனினும் கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையும் சிதைப்பதால், பூட்டைக் காப்பது மட்டும் போதாது.

புதிய மருந்து வரும்வரை நாம் செய்யத்தக்கன உள. தரையில் உறங்குவோர் கொசுவலையை விரிப்பின்கீழ்ச் செருகிக்கொள்க. கடிபட்டால் கட்டுதலும் கீறுதலும் வேண்டா. வலியில்லை என்று காத்திராது உடனே மருத்துவமனையை அடைக. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர், இமை தாழ்தலையும் மூச்சுத் திணறலையும் அவ்வூர் மொழியிற் சொல்லக் கற்றிருத்தல், தக்க வேளையில் ஓர் உயிரைக் காக்கும்.