கிராமத்து ஆலையை விற்றபோது

சீனாவின் ஊரகத் தொழிற்சாலைகள் பற்றிக் கொஞ்ச நாளாகவே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். தனியார்மயம் வேணும்கிறவங்களும் வேண்டாம்கிறவங்களும் ஒரே மாதிரி உதாரணம் காட்டுகிற கதை இது. அதனாலேயே எனக்கு ஆர்வம்.

கம்யூன் காலத்தில் செங்கல் சூளை, கருவி பழுது பார்க்கும் பட்டறை என்று சின்னதாக ஆரம்பித்தவை இவை. 1978-ல் சுமார் 2.8 கோடிப் பேர் இவற்றில் வேலை பார்த்தார்கள். 1996-ல், தனியார், குடும்பத் தொழில்களையும் சேர்த்து, 13.5 கோடி. இப்படி வளரும்னு நாங்களே நினைக்கலை என்ற தொனியில் டெங் சியாவ்பிங் 1987-ல் பேசினார்.

காரணம் எளிது. நாட்டில் எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு. எதைச் செய்தாலும் விற்றது. உள்ளூர் நிர்வாகம் பின்னால் நின்றதால் வங்கிக் கடனும் கிடைத்தது. லாபத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடம், சாலை, வாய்க்கால் என்று ஊருக்கே திரும்பியது.

தொண்ணூறுகளில் தட்டுப்பாடு தீர்ந்தது, போட்டி வந்தது, வங்கிகளும் கையை இறுக்கின. நஷ்டத்தைச் சுமக்க உள்ளூர் நிர்வாகங்களால் முடியவில்லை. கூட்டுடைமைக்குப் பேர்போன சூச்சோ, வூஷி வட்டாரங்களிலேயே சில வருஷங்களில் பெரும்பாலான ஆலைகள் கைமாறின. வாங்கியவர்கள் யார்னு பார்த்தால், பல இடங்களில் அதே ஆலையின் மேலாளர்கள்தான்.

சரி, செயல்திறன் கூடியதா? ஜியாங்சு, ஜெஜியாங் மாகாண ஆலைகளை ஆராய்ந்த ஹொங்பின் லீயும் ஸ்காட் ரோசெல்லும் சொல்வது: கூடியது, ஆனால் உடனே இல்லை. கைமாறிய சமயத்தில் தடுமாற்றம். ரெண்டு வருஷம் போல ஆன பிறகுதான் முன்னேற்றம்.

இதை நான் மறுக்கலை. ஆனால் இந்தக் கணக்கு ஆலையின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஊர்க்காரர் 'உடைமையாளர்' என்றாலும் கையில் பங்குப் பத்திரம் கிடையாது. விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. விற்பனையைப் பேசி முடித்தது உள்ளூர் அதிகாரிகள். வந்த பணமும் நிர்வாகத்தின் கைக்குத்தான் போனது. பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த லாபப் பங்கு எந்த உற்பத்தித்திறன் அட்டவணையிலும் ஏறாது.

விற்காமல் இருந்திருந்தால்? கூட்டுடைமையை விடாத ஹுவாஷி கிராமம் 2011-ல் 328 மீட்டர் உயர கோபுரமே கட்டியது. பின்னாளில் கடனில் சிக்கியது. ஆக, விற்றதே தப்புன்னு சொல்ல வரலை. யாரைக் கேட்டு, என்ன விலைக்கு விற்றார்கள் என்பதுதான் என் கேள்வி. அதை ஆலைக் கணக்கில் தேடிப் பயனில்லை, ஊர்க் கணக்கில்தான் தேடணும்.