இடாப்பின் சரித்திரம்

யாழ்ப்பாணத்துக் கல்வியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியையும், 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் விஸ்தாரமாகப் பேசுவர். உபாத்தியாயரின் மேசைமேற் கிடந்த, வரவும் புள்ளியும் பதியும் இடாப்பைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார், எந்தப் பிள்ளை எவ்விடத்தில் இடறுகின்றான் என்பதைத் தம் ஞாபகத்திலேயே வைத்திருந்தார். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து, உதவி நன்கொடை மாணவரின் பரீட்சைப் பேற்றைப் பொறுத்து வழங்கப்பெறலானபின், வரவும் புள்ளியும் பரிசோதகருக்குக் காட்டவேண்டிய கணக்காயின. 1945இல் இலவசக் கல்வி வந்து, அதன் பயனாய் வகுப்புகள் பெருக, அக்கணக்கும் பெருகிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடங்களோடு பதிவேடுகளும் சிதறின.

இன்று அவ்விடாப்பு கணினியில் விரிதாளாகியிருக்கின்றது. ஹார்வர்ட் வகுப்பொன்றிலே, கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதைத் தொடர்ந்த எண்கள் யாவற்றையும் அழித்தெழுத நேரும் பிரயாசையைக் கண்ட டான் பிரிக்ளின் என்னும் மாணவர், பொப் பிராங்ஸ்ரனோடு சேர்ந்து 1979இல் வெளியிட்ட விசிகல்க்கே கணினி விரிதாளின் பிரசித்தமான முன்னோடியாதலின், வகுப்பறையிற் பிறந்த கருவி வகுப்பறைக்கே மீண்டது எனலாம். தவணைதோறும் கூட்டலிலும் சராசரியிலும் கழிந்த இரவுகள் ஆசிரியருக்கு மிச்சமாகின்றன. நிகழ்நிலைப் படிவத்தின் வழியே விடைகளை விரிதாளிற் பெறும் ஆசிரியர், ஒரு வினாவுக்கு வகுப்பிற் பெரும்பாலோர் ஒரே பிழையான விடையைத் தெரிவுசெய்திருக்கக் கண்டால், குறை தம் போதனையிலும் இருக்கலாமென்று உணர்ந்து, மறுநாட் பாடத்தை வேறுவகையாகத் தொடங்க முடிகின்றது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இப்படிவங்கள் பேருதவி புரிந்தன. ஆயினும், திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு நேரே கலம் வெறுமையாகவே நின்றது. விரிதாளின் சராசரிச் சூத்திரம் வெற்றுக் கலத்தைக் கணக்கிற் சேர்ப்பதில்லை, பூச்சியத்தையோ சேர்த்துக்கொள்கின்றது. வெறுமையிருந்த இடத்திற் பூச்சியத்தை இடும் ஆசிரியர், வறுமையை அறியாமையென்று பதிந்தவராகின்றார்.

மேலிடத்துக்கு அனுப்புவதற்கென்றே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்ட இடாப்பு, பிள்ளையை அறிவதற்கும் உரியதாகுக. வலயக் கல்வி அலுவலகத்துக்கு அட்டவணையை அனுப்புமுன், அதிலுள்ள வெற்றுக் கலங்களின் காரணத்தை வீடு சென்று வினவும் ஆசிரியரே, சட்டம்பியாரின் ஞாபகத்துக்கு உண்மையான வாரிசு ஆவார்.