கல்லறைக் கற்களும் முன்னோர் தேடலும்: கொட்டியாரக் குடாப் பகுதி

அடக்கத்தலத்தில் நாட்டப்பட்ட கல்லிலுள்ள பெயர், தேதி, உறவுமுறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வழியை மீட்டெடுப்பது வரலாற்றாய்வின் பழைய முறைகளுள் ஒன்று. திருகோணமலை மாவட்டத்தில் இம்முறைக்கு எளிதில் பிடிபடும் கற்களும் உண்டு, பிடிபடாதவையும் உண்டு. துறைமுகத்தின் வடபுறத்தில் கடற்படை அதிகாரிகளின் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. கொட்டியாரக் குடாவின் தென்புறத்து முஸ்லிம் ஊர்களான மூதூர், தோப்பூர் பக்கத்திலோ கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் மீசான் கட்டைகளே வழக்கம். கல்லில் பெயர் இல்லாதவரை வரலாறு இல்லாதவராகக் கருதிவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் அநீதி. இப்பகுதியைப் பற்றி எழுதும்போது அதை முதலிலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

ஆயினும் இப்பகுதியின் பழைய அடக்கக் கற்களில் முஸ்லிம்களுடையவையும் உண்டு. திருகோணமலை நிக்கல்சன் குடாவில் கிடைத்த அரபுக் கல் ஒரு பெண்ணுக்கானது. தலைவர் பத்ருத்தீன் ஹுசைன் பின் அலீ அல்-ஹலபியின் மகள் என்று அது அவரை அறிமுகப்படுத்துகிறது. தந்தை ஹுசைன், பாட்டனார் அலீ, பூர்வீகம் சிரியாவின் ஹலப், அதாவது அலெப்போ. இரண்டு தலைமுறையையும் ஒரு நகரத்தையும் ஒரே வரியில் தரும் கல் இது. சீனக்குடாப் பகுதியிலும் ஓர் அரபுக் கல் கிடைத்துள்ளது. கொழும்பில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலித் இப்னு அபூபகாயாவின் கல் இவற்றினும் பழையது. டச்சு அதிகாரி ஒருவர் அதை மையவாடியிலிருந்து பெயர்த்துத் தம் வீட்டுப் படியாக வைத்திருந்தார். பின்னர் தலைமை நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் வாசகத்தைப் படியெடுக்கச் செய்தார். 1827இல் அது லண்டனில் அச்சேறியது. கல் இருக்கும் இடத்தில்தான் ஆளும் அடங்கியிருக்கிறார் என்று நம்பிவிடக்கூடாது.

கல் சொல்வதையெல்லாம் நம்பவும் கூடாது. அதற்கான சான்று தோப்பூருக்கு அருகிலேயே இருக்கிறது. 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து 1659 இறுதியில் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் கப்டனும் அவர் மகனும் மாலுமிகள் சிலரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அந்த இடமாகக் கருதப்படும் மூதூர் மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக் கல் நாட்டப்பட்டது. ஆன் கப்பலின் கப்டன் றொபட் நொக்ஸ் இங்கே பிடிபட்டார், அவர் 19 ஆண்டுகள் சிறையிருந்தார் என்பது அதன் சாரம். உண்மையில் கப்டன் தந்தை. அவர் மறு ஆண்டே கண்டி இராச்சியத்தில் காய்ச்சலில் இறந்தார், மகனே அவரை அடக்கம் செய்தார். சிறைப்பட்டு 19 ஆண்டுகள் கழித்து 1679இல் தப்பி, 1681இல் இலங்கை பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டவர் அந்த மகன். இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் கல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் நம் குடும்பங்களில் இப்படித் தலைமுறைகள் கலந்துபோவது இன்னும் எளிது. நினைவுக் கல்லை யார் வைத்தார், எத்தனை ஆண்டு கழித்து வைத்தார் என்று கேட்காமல் மரபுவரிசையில் சேர்ப்பது தவறாகவே முடியும்.

வடகரைக் கற்களில் பலரும் தேடிவருவது ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரினுடையது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியான இவர் 1852 ஒக்டோபர் 7ஆம் தேதி பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தார். திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். சிவில் சேவை அதிகாரி பென்றி லூயிஸ் 1913இல் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். காற்றும் உப்பும் எழுத்தைத் தின்றுவிட்ட இடங்களில் அத்தொகுப்பே கைகொடுக்கிறது. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் ஒன்றியத்தின் இதழும் பறங்கியர் குடும்பங்களின் வம்சவரிசைகளை வெளியிட்டுவந்தது. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறை வேறு வகை. அங்கே பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் ஒரே ஒழுங்கில் பொறிக்கப்பட்டுள்ளன.

தென்கரையின் மையவாடிகளில் இந்த ஒழுங்கு இல்லை. கபுறுக்குச் சாந்து பூசுவதையும் அதன்மேல் எழுதுவதையும் நபிகளார் தடுத்ததாக திர்மிதீயின் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. அடக்கத்தை எளிமையாக வைப்பது ஒரு நெறி, புறக்கணிப்பு அல்ல. மரக்கட்டை சில காலத்தில் உளுத்துப்போகும். அதன்பிறகு எந்த மரத்தடியில் எந்தக் குடும்பத்தார் என்பது பெரியவர்களின் நினைவில்தான் நிற்கும். பெயர்களும் அதிக தூரம் அழைத்துச் செல்வதில்லை. முதலெழுத்து வாப்பாவின் பெயரை மட்டும் காட்டும். லெவ்வை, மரைக்கார் போன்ற ஒட்டுகள் பல குடும்பங்களுக்குப் பொது. கல்லில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் அது ஆங்கில ஆண்டு இரண்டில் விழக்கூடும். மாதமும் தெரிந்தால்தான் ஆண்டு உறுதியாகும்.

எனவே இங்கே தேடுபவர் கல்லிலிருந்து காகிதத்துக்குப் போயாகவேண்டும். திருகோணமலையின் டச்சு அதிகாரி வான் சென்டன் 1786இல் கொட்டியாரத்தைச் சுற்றிப்பார்த்து எழுதிய நாட்குறிப்பு அக்கால ஊர்களின் நிலையைக் காட்டும், குடும்பங்களை அல்ல. குடும்பங்களுக்கு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பிறப்பு, இறப்புப் பதிவுகளும், 1886ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் வந்த முஸ்லிம் விவாகப் பதிவுகளுமே ஆதாரம். 2004 கடல்கோளும், 2006 ஓகஸ்ட் சண்டையில் மூதூர்ப் பகுதி மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்ததும் வீட்டிலிருந்த உறுதிகளையும் பத்திரங்களையும் எத்தனையோ குடும்பங்களிடமிருந்து பறித்தன. அதனால் அலுவலகப் பிரதிகளின் மதிப்பு கூடியிருக்கிறது. விவாகப் பதிவில் முதலில் பார்க்கவேண்டியது மணமகளின் வலியாக, அதாவது திருமணப் பொறுப்பாளராக, நின்றவர் யார் என்பதை. ஷாபிஈ மத்ஹபின்படி வாப்பா, அவர் இல்லையேல் வாப்பாவின் வாப்பா, அதன்பிறகே காக்கா, சாச்சா என்று அந்த உரிமை இறங்கும். காக்கா வலியாக நின்றிருந்தால், அந்த நிக்காஹ் நாளுக்கு முன்பே வாப்பாவும் அவருடைய வாப்பாவும் பெரும்பாலும் மௌத்தாகியிருப்பார்கள். பெயர் பொறிக்காத இரண்டு கபுறுகளுக்கு இப்படி ஒரு கால எல்லை கிடைக்கிறது.